மூச்சை வெட்டாதீங்க அண்ணே

மார்ச் 4, 2024, திங்கள்

இன்று இன்னொரு ஹெட்போனை உடைத்தேன். இது நாலாவது. சுவரில் அடித்த அடியில் காதுமூடி ஒரு பக்கம் பறந்தது, வயர் ஒரு பக்கம் பறந்தது. ஒலிப்பதிவு செய்யும் பத்துமலை அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்துகொண்டு நிதானமாகக் கை தட்டினார்.

"சுவரு உன்ன என்னா பண்ணுச்சு மணி? தப்பா பாடுனது சுரேன், அடி வாங்குறது சுவரா?"

என்னோடு ஜோடி பாட வந்த சுரேன் நல்ல பையன்தான். முப்பது வயசு, குரல் வெண்ணெய். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பாட மாட்டேன் என்கிறான். கண்ணை மூடிக்கொள்கிறான். "அக்கா, நீங்க பாக்குற பார்வையில பயமா இருக்கு லா" என்கிறான். பயமா இருந்தா வீட்டுல உக்காந்து பாடுடா!

இந்த ஆல்பத்துக்கு நான் போட்ட சட்டம் இரண்டே இரண்டு. ஏழு ஜோடிப் பாட்டையும் ஒரே மைக்கில், முகத்துக்கு முகம் நின்று பாட வேண்டும். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு நாள் என்று பாடி ஒட்டும் வேலை இங்கே கிடையாது. அடுத்தது, மூச்சை வெட்டக் கூடாது. ஸ்டூடியோவில் முதல் வேலையே அதுதான்: வரிக்கு நடுவே விழுந்த மூச்சு, எச்சில் விழுங்கியது, செருமல், எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள். இடையில் வாத்தியம் மட்டும் ஓடும்போது மைக்கில் பதிந்ததை ஒட்டுமொத்தமாகத் துடைத்துவிடுவார்கள். சோல் என்றால் உயிரைக் கொட்டிப் பாடுகிற பாட்டு, அதில் பாதி மூச்சுதான். அதை வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? பத்துமலை அண்ணன் முப்பது வருஷப் பழக்கத்தில் ஒவ்வொரு தடவையும் கத்தரிக்கக் கை வைக்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் கத்துகிறேன்: "மூச்ச வெட்டாதீங்க அண்ணே!"

ஆறு வருஷம் இந்தத் தொண்டையில் மூச்சு மட்டும்தான் வந்து போனது. பாட்டு வரவில்லை. இனி வரவே வராது என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். இப்போது நாற்பத்து நான்கு வயதில் என் முதல் ஆல்பம். அட்டையில் 'சோல் மணி' என்று போடப்போகிறார்கள். நவமணி என்ற பெயர் சின்ன எழுத்தில் கீழே.

பன்னிரண்டரைக்குக் குனோங் ராபாட் மலையில் வெடி வைத்தார்கள். முதலில் சைரன், பிறகு டமார். கல்லுக்காக மலையைத் தினமும் உடைக்கிறார்கள். அந்த ஐந்து நிமிஷம் பதிவை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். வெடி அடங்கியதும் சுரேன் கண்ணைத் திறந்து பாடினான். நன்றாக வந்தது.

மார்ச் 6, புதன்

தொண்டை கட்டியிருக்கு. இன்று முழுக்கப் பேசவில்லை. யாரையும் திட்டவும் முடியவில்லை, அதுதான் பெரிய வேதனை.

மார்ச் 9, சனி

தனேஸ்வரன் மீ கோரேங் பொட்டலத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்தான். ஆல்பத்தை வெளியிடுகிற கம்பெனி அவனுடையது. சாப்பாட்டோடு வந்தாலே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

"அக்கா, ஏழாவது பாட்டு 'ஏழாம் மைல்'தான் லா. அது இல்லாம சோல் மணி ஆல்பமா? கடைக்காரன் எல்லாம் அதத்தான் கேக்குறான்."

'ஏழாம் மைல்'. பேராக்கில் பதினைந்து வருஷமாக அந்தப் பாட்டைப் போடாத கல்யாண மண்டபம் இல்லை. தாப்பா ரோட்டில் நான் பிறந்த தோட்டத்தைப் பற்றிய பாட்டு. மெட்டு என்னுடையது. வரிகள் மதீசனுடையவை. என் பழைய புருஷன்.

"பாட்டப் போடச் சம்மதம்னு அவரு எழுத்துல குடுத்துட்டாரு" என்றான் தனேஸ். "ஆனா ஒரு கண்டிஷன். ஆம்பளக் குரல் அவருதான் பாடணுமாம். சூப்பர்தானே? ஆறு வருஷம் கழிச்சு ஜோடி சேருறாங்கன்னு போட்டா…"

மீ கோரேங் பொட்டலம் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. நான்தான் எறிந்தேன். எறிந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"அலாமாக்! என்னாக்கா இது? ஊருல யாரு டிவோர்ஸ் பண்ணாம இருக்கா? அவனவன் பழைய பொண்டாட்டி கல்யாணத்துக்கே போயி மொய் எழுதுறான்."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. நான்தான் சொல்லவில்லையே.

மார்ச் 10, ஞாயிறு

இதை எங்கும் எழுதியதில்லை. இங்கேயாவது எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அடிக்கிறவன் சத்தம் போட்டு அடிப்பான். என் அப்பாவும் அப்படித்தான். தெருவுக்கே கேட்கும். பலகைச் சுவர்தானே, மூன்றாவது வீட்டிலிருந்து யாராவது ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். மறுநாள் ரப்பர் பால் வெட்டப் போகும்போது அம்மா முகத்தைப் பார்த்து எல்லோரும் அப்பாவைத் திட்டுவார்கள். மதீசன் வீடு அப்படி இல்லை. நான்கு பக்கமும் செங்கல், ஏர்கான், திரைச்சீலை. அவன் ஒரு நாளும் என்னை 'நீ' என்று சொன்னதில்லை. யாழ்ப்பாணத்து மரியாதை, எப்போதும் 'நீர்'. "மணி, இங்க வாரும்." "மணி, கதவச் சாத்தும்." கதவைச் சாத்தியதும் அடிப்பான். கோபமே இல்லாமல் அடிப்பான். திட்டாமல் அடித்தாலும் அதற்குப் பெயர் அடிதான் என்று எனக்குப் புரிய நான்கு வருஷம் ஆனது. சிரிப்பு வருது. அழுகையும் வருது.

2018 பிப்ரவரி. கோலாலம்பூரில் ஒரு கச்சேரிக்கு அவனைக் கேட்காமல் ஒத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் தொண்டையில் கை வைத்தான். சும்மா நெரிக்கவில்லை. பாட்டுப் படித்தவன், குரல் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியும். கட்டைவிரலால் தேடி, இடம் பார்த்து அழுத்தினான். உள்ளே ஏதோ கோழி எலும்பு மாதிரி முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பேச்சு வரவில்லை. என்ன ஆச்சு என்று எழுதிக் காட்டச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். அவன் பக்கத்தில் நின்று என் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் எழுதினேன்: மோட்டார் சைக்கிளில் போகும்போது துணி காயப்போடும் கம்பி கழுத்தில் மாட்டியது.

என் கையெழுத்து. அந்தத் தாள் இன்னும் ஃபைலில் இருக்கும்.

ஏன் அப்படி எழுதினே? ஏன்டி எழுதினே?

மார்ச் 13, புதன்

சரி என்று சொல்லிவிட்டேன்.

'ஏழாம் மைல்' இல்லாவிட்டால் ஆல்பம் இல்லை என்று தனேஸ் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். ஆறு பாட்டையும் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். அந்தப் பாட்டை என்னிடமிருந்து மதீசன் எடுத்துக்கொள்ள விடுவதா? மெட்டு என்னுடையது. நான் பிறந்த தோட்டம். இப்போது அங்கே ரப்பருக்குப் பதில் எண்ணெய்ச் செம்பனை நிற்கிறது, லயம் இருந்த இடமே தெரியவில்லை. இந்தப் பாட்டு ஒன்றுதான் மிச்சம். அதையும் விடுவேனா!

வேறு நாளில் தனியாக வந்து பாடட்டும் என்று கேட்டேன். தனேஸ் மூலமாகப் பதில் வந்தது: "ஏழு பாட்டும் முகத்துக்கு முகம் எண்டுதானே அவ பேட்டி குடுத்திருக்கிறா. எனக்கு மட்டும் ஏன் வேற மாதிரி எண்டு சனம் கேக்காதோ?"

என் சட்டத்தை எடுத்து என்னையே கட்டிப் போட்டுவிட்டான். அந்த மூளை மட்டும் அவனுக்குத் தேயவே தேயாது.

மார்ச் 19, செவ்வாய்

ஒத்திகை. அவன் வெள்ளைச் சட்டையில் வந்தான். தலை நரைத்திருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறான், அதுதான் எனக்கு எரிச்சல். பத்துமலை அண்ணனுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு, அவன் பாஷையில் தோடம்பழம். தனேஸுக்குத் தோளில் ஒரு தட்டு. எனக்கு, "எப்படி இருக்கிறீர் மணி? குரல் சுகமோ?"

குரல் சுகமா என்று கேட்கிறான்! என் கால் தானாக இரண்டடி பின்னால் போனது. யாரும் கவனிக்கவில்லை.

போன பிறகு பத்துமலை அண்ணன் தோடம்பழத்தை உரித்துக்கொண்டே, "தங்கமான மனுசன்யா. எப்படி மணி விட்டே?" என்றார். அவர் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். அவர் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து உரித்துத் தின்றார்.

மார்ச் 23, சனி

நேற்று நடந்தது. நேற்று எழுத முடியவில்லை, கை வீங்கியிருந்தது.

பதினொரு மணிக்கு ஆரம்பித்தோம். நடுவில் ஒரு மைக். எங்கள் இரண்டு முகத்துக்கும் இடையே ஒரு சாண். இரண்டு பேர் காதிலும் ஹெட்போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்துமலை அண்ணனும் தனேஸும். முதல் இரண்டு டேக்கும் நன்றாகவே போனது, அதைப் பொய் சொல்ல மாட்டேன். அவன் நல்ல பாடகன். அவனுடைய மூச்சில் ஏலக்காய் வாசனை. இத்தனை வருஷமாக அதே ஏலக்காய்.

மூன்றாவது டேக். சரணம் முடிந்து இடையிசை. பதினாறு பார் தாளம், அரை நிமிஷம். கண்ணாடிக்குப் பின்னால் தனேஸ் தன் கைபேசியில் எதையோ காட்டிக்கொண்டிருந்தான். பத்துமலை அண்ணன் ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டு அதைக் குனிந்து பார்த்தார். மதீசன் அதைக் கடைக்கண்ணால் பார்த்தான். பிறகு மைக்குக்கு இன்னும் கிட்ட வந்து, உதடு அசையாமல், பாட்டுச் சொல்லுவது போலவே சொன்னான்.

"நல்லாப் பாடுறீர். கனக்கச் சத்தம் போடாதேயும். அந்த இடம் எனக்கு இன்னும் தெரியும்."

ஹெட்போன் வழியாக அது என் இரண்டு காதுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. அவன் கட்டைவிரலைத் தன் சட்டைக் காலரில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டுத் தாள் வைக்கும் இரும்பு ஸ்டாண்டு பக்கத்தில் இருந்தது. தூக்கினேன். முதல் அடி தோளில். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. இரண்டாவது அடி நெற்றியில், புருவம் பிளந்து ரத்தம் அந்த வெள்ளைச் சட்டையில் இறங்கியது. மூன்றாவது அடி எங்கே விழுந்தது என்று தெரியாது. அவன் தரையில் கிடந்து, "ஐயோ, என்னக் காப்பாத்துங்கோ" என்றான். நான் கத்தினேன். வார்த்தை இல்லாமல் கத்தினேன். பத்துமலை அண்ணன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து என்னை இழுத்தார். அவர் கையையும் கடித்துவிட்டேன்.

யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன். ஒரு மூச்சு நேரம் எனக்கு அது ருசியாக இருந்தது. அப்பாவின் கை எனக்கு வந்திருக்கிறது.

போலீஸ் வந்து என்னைப் பாலாய்க்கு, ஸ்டேஷனுக்கு, கூட்டிப்போனது. அங்கே ஒரு பெண் இன்ஸ்பெக்டர். நோன்பு இருக்கிறவர், இருந்தும் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவன் என்ன சொன்னான் என்று கேட்டார். சொன்னேன். வேறு யார் கேட்டது? யாருமில்லை. முன்பு இப்படி நடந்ததா? நடந்தது, 2018இல். மருத்துவ அறிக்கை இருக்கிறதா?

இருக்கிறது. துணிக் கம்பி என்று என் கையால் எழுதியது இருக்கிறது.

அவர் பேனாவை மூடி வைத்தார். ஜாமீனில் விட்டார்கள். பத்துமலை அண்ணன்தான் கையெழுத்துப் போட்டார், நான் கடித்த கையில் பிளாஸ்டரோடு.

மார்ச் 25, திங்கள்

தனேஸிடமிருந்து ஒரு குரல் செய்தி. "ஆல்பம் நிறுத்தம். அக்கா, நீங்க டாக்டரப் பாக்கணும். மனசு டாக்டர."

சிலிபின் கடைத்தெருவில் ரொட்டி வாங்கப் போனேன். கடைக்காரம்மா மீதிச் சில்லறையை என் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள்.

மார்ச் 26, செவ்வாய்

வெளியே போகவில்லை.

மார்ச் 28, வியாழன்

காலையில் பத்துமலை அண்ணன் கூப்பிட்டார். குரலே சரியில்லை. "ஸ்டூடியோவுக்கு வா. ஒண்ணும் கேக்காம வா."

மனுஷன் அந்த மூன்றாவது டேக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனேஸ் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியிருக்கிறான். அழிக்கும் முன் நான் பாடிய வரிகளை மட்டும் எனக்காக எடுத்து வைக்கலாம் என்று உட்கார்ந்தாராம். "எப்பவும் மொதல்ல இடையிசைய வெட்டித் தள்ளிருவேன் மணி. கத்தரிக்கப் போற நேரத்துல நீ கத்துறது காதுல கேட்டுச்சு. மூச்ச வெட்டாதீங்கன்னு. சரி, இவ மூச்சுல அப்படி என்னாதான் இருக்குன்னு சவுண்ட ஏத்திக் கேட்டேன்."

போட்டுக் காட்டினார். என் மூச்சு. அவன் மூச்சு. பிறகு, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக. அந்த இடம் எனக்கு இன்னும் தெரியும்.

நான் ஓடிப்போய் வாசலில் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது பத்துமலை அண்ணன் அழுதுகொண்டிருந்தார். அறுபது வயது ஆள். "தோடம்பழம் தின்னேனே மணி. அவன் குடுத்த பழத்தத் தின்னேனே" என்றார்.

மைக் பதிந்துகொண்டிருந்தது எனக்கே தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றியிருக்காது. பழைய காலத்துப் பாடகன். இடையிசையில் பேசினால் வெட்டிவிடுவார்கள் என்று பழகியவன். என் முதல் சட்டத்தை மட்டும் படித்தான். இரண்டாவதைப் படிக்கவில்லை.

மார்ச் 29, வெள்ளி

பதிவை எடுத்துக்கொண்டு பாலாய்க்குக் கிளம்ப ஸ்டூடியோவுக்குப் போனேன். படியில் ஒருத்தி நின்றிருந்தாள். முப்பத்தைந்து இருக்கும், டீச்சர் மாதிரிச் சேலை, இந்த வெயிலில் முழங்கை தாண்டி ரவிக்கை. மாதுமை. மதீசனின் இப்போதைய மனைவி. போட்டோவில் பார்த்திருக்கிறேன்.

வாயைத் திறக்கும் முன் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். காது ரொய்ங் என்றது.

"அவரால கைய மேல தூக்க ஏலாது! சாப்பாடு நான்தான் தீத்திவிடுறன்! என்ன மனுசி நீ? வெறி நாயோ நீ?"

என் கை எழுந்தது. அவள் கண்ணை மூடவில்லை, ஒதுங்கவில்லை. தோள் மட்டும் மேலே ஏறி, தாடை கீழே இறங்கி, கழுத்தை மறைத்தது. அந்த அசைவு எனக்குத் தெரியும். அப்படிக் கழுத்தை மறைக்க யாரும் ஒரே நாளில் பழகுவதில்லை. என் கை தானாக இறங்கிவிட்டது.

பத்துமலை அண்ணன் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வாம்மா. உள்ள வா. ஒண்ணு கேட்டுட்டு அப்புறம் எத்தன அறை வேணும்னாலும் அறை. நானும் வாங்கிக்கிறேன்."

போட்டார். அவள் நின்றபடியே கேட்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"இன்னொருக்காப் போடுங்கோ."

போட்டார்.

"இன்னொருக்கா."

மூன்றாவது தடவை முடிந்ததும் அவள் கை கழுத்துக்குப் போனது. சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள். "எனக்கும் இதையேதான் சொல்லுறவர்" என்றாள், யாரிடமோ சொல்வது போல. "ஒரு சொல்லுக்கூட மாறேல்ல."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அவள் அறைந்த கன்னம் எரிந்தது.

பாலாயில் அதே இன்ஸ்பெக்டர் ஹெட்போனில் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். பேனாவைத் திறந்தார். ஆனாலும் சொன்னார்: இது மிரட்டல் மட்டும்தான், பழைய காயத்துக்கு இது போதாது. இன்னொரு சாட்சி வேண்டும்.

ஏப்ரல் 3, புதன்

ஒரு தகவலும் இல்லை. மாதுமை அந்த வீட்டில்தானே இருக்கிறாள்? மதீசனுக்கு ஒரு கைதான் உடைந்திருக்கிறது. இன்னொரு கை நன்றாக இருக்கிறதே! அந்தக் கையையும் உடைத்திருக்கணும்.

ஏப்ரல் 8, திங்கள்

விடிந்து கோப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார். மாதுமை. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், பின் சீட்டில் இரண்டு பெட்டி. சேலைக்குப் பதில் சாதாரணச் சட்டை. கழுத்தில் மஞ்சளும் நீலமுமாக ஒரு கைத்தடம். நேற்றையது அல்ல, பத்து நாள் ஆகியிருக்கும்.

"நான் அந்த நாள் வீட்ட போய் அவரிட்டயே கேட்டனான்" என்றாள். "ஒரு கையால எப்பிடிச் செய்தார் எண்டு எனக்கே விளங்கேல்ல."

கோப்பிக் கப்பைத் தொட்டியில் அடித்து உடைத்தேன். அவள் திடுக்கிட்டாள். "மன்னிச்சிரு, உன் மேல இல்ல, உன் மேல இல்ல" என்று சொல்லிக்கொண்டே உடைந்ததைப் பொறுக்கினேன். அவளும் குனிந்து பொறுக்கினாள். இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

ஃபைலைத் திறந்து காட்டினாள். 2021, குளியலறையில் வழுக்கி விழுந்தது. 2022, படியில் விழுந்தது. 2023, மறுபடி குளியலறை. எல்லாம் அவள் கையெழுத்து. பள்ளிக்கூட டீச்சர் அவள், முத்து முத்தாக.

"என்னுது துணிக் கம்பி" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. என்ன கேடுகெட்ட சிரிப்பு அது! பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

பத்து மணிக்குப் பாலாய். இரண்டு பேரும் சேர்ந்து போனோம். நான் அவள் ஃபைலைப் பிடித்துக்கொண்டேன். அவள் பேசினாள். நாலு மணி நேரம் பேசினாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

நேற்று அவனைப் பிடித்தார்கள். ஹரி ராயா பெருநாளுக்கு மறுநாள், ஊரெல்லாம் பட்டாசு. இன்றே ஜாமீனில் வந்துவிட்டான். எங்கள் இருவர் பக்கத்திலும் வரக் கூடாது என்று கோர்ட் உத்தரவு. மாதுமை தாப்பாவில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள், அங்கேயேதான் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடமும். என்மேல் அவன் கொடுத்த புகார் அப்படியேதான் இருக்கிறது. அது போகாது. நான் அடித்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மே 3, வெள்ளி

தனேஸ் ஸ்டூடியோவுக்கு ஓடி வந்தான். மீ கோரேங் இல்லை, இந்தத் தடவை கேக். பேப்பரில் செய்தி வந்ததும் ஆல்பம் எப்போது என்று ஆயிரம் பேர் கேட்கிறார்களாம்.

"அக்கா, மன்னிச்சிருங்க லா. நான் மடையன். ஆனா ஒரு ஐடியா. 'ஏழாம் மைல்' அவரு இல்லாம போட முடியாதுதானே? அந்தக் கிசுகிசுப்பு மட்டும் ஏழாவதாப் போடலாம். அப்படியே, மூணாவது டேக். ஒரே நாள்ல நாடு பூரா போயிரும்."

அவன் கைபேசியை வாங்கினேன். ஜன்னலைத் திறந்தேன். கீழே கால்வாய், நேற்றைய மழைத் தண்ணீர் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.

"அது என் பாட்டு இல்ல தனேஸ். அது கோர்ட்டுக்குப் போற சாமான். அவன் குரல் என் ஆல்பத்துல ஒரு எழுத்துக்கூட வராது. 'ஏழாம் மைல்' வேணாம். வேற பாட்டு போடுவோம்."

அந்த மெட்டை விடுவதென்றால் வயிறு எரிகிறது. எழுதும்போதும் எரிகிறது. ஆனாலும் விட்டுவிட்டேன்.

"ஜோடி யாரு அக்கா?" என்றான் தனேஸ், ஜன்னலைப் பார்த்தபடி.

எனக்கும் அப்போது தெரியாது.

மே 19, ஞாயிறு

தாப்பா போயிருந்தேன். மாதுமை பாத்திரம் கழுவிக்கொண்டே தேவாரம் முனகினாள். கழுவும் தண்ணீர்ச் சத்தத்தைவிடக் குறைவாக. நான் குழாயை மூடினேன். உடனே நிறுத்திவிட்டாள்.

"எங்க படிச்சே?"

"சின்னனில கோயில் வகுப்பில. போட்டியில ரெண்டுதரம் முதலாவதா வந்தனான்." கையைத் துடைத்தாள். "கலியாணத்துக்குப் பிறகு பாடேல்ல. ஒரு வீட்டுக்கு ஒரு பாடகர் போதும் எண்டவர்."

வரும் வழியில் காரை ஓரம் கட்டி ஸ்டீயரிங்கைக் குத்தினேன். ஹாரன் அடித்தது. பின்னால் வந்த லாரிக்காரன் பயந்துபோய்த் திட்டினான்.

மே 20, திங்கள்

அவளைக் கேட்டேன். மாட்டேன் என்றாள். ஐந்து தடவை மாட்டேன் என்றாள். ஆறாவது தடவை, "என்ன பாட்டு?" என்றாள்.

ஜூன் 13, வியாழன்

ஏழாவது பாட்டு முடிந்தது.

மெட்டு என்னுடையது, வரிகள் இரண்டு பேருடையவை. பத்து மணிக்கு ஆரம்பித்தோம். ஒரு மைக், முகத்துக்கு முகம். முதல் டேக்கில் மாதுமையின் குரல் கேட்கவே இல்லை, என் குரல் மட்டும் தனியாக ஓடியது. பத்துமலை அண்ணன் சத்தத்தை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். அவளிடமிருந்து மூச்சு மட்டும் வந்தது.

இரண்டாவது டேக்கும் அப்படியே. எனக்குக் கோபம் மேலே ஏறுவது தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றினேன். பத்துமலை அண்ணன் கண்ணாடிக்குப் பின்னால் பாதி எழுந்துவிட்டார். நான் அதை மெதுவாகக் கொக்கியில் மாட்டினேன். அவள் ஹெட்போனையும் கழற்றி மாட்டினேன்.

"இது இல்லாமலே பாடுவோம், வாத்தியம் அப்புறம் சேத்துக்கலாம். நீ என்னை மட்டும் கேளு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "சத்தமாப் பாடலாமோ அக்கா?"

"கத்து லா! ராபாட் பூராவும் கேக்கட்டும்."

மூன்றாவது டேக்கில் கத்தினாள். சுருதி இரண்டு இடத்தில் போனது, யாருக்கு வேண்டும் சுருதி! தேவாரக் குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பத்துமலை அண்ணன் குறைக்கவில்லை. நேரம் பார்க்க எல்லோரும் மறந்துவிட்டோம். கடைசி வரிக்கு முன்னால் மூச்சு வாங்கிய இடத்தில் மலையில் வெடி வெடித்தது. கண்ணாடி அதிர்ந்தது. மாதுமையின் கை கழுத்துக்குப் போனது, பாதி வழியில் நின்றது, கீழே இறங்கியது. கடைசி வரியை இரண்டு பேரும் சேர்ந்து பாடி முடித்தோம்.

ஸ்பீக்கரில் பத்துமலை அண்ணனின் குரல் வந்தது. "நடுவுல வெடிச் சத்தம் விழுந்திருக்கு. வெட்டட்டுமா?"

"வேணாம்" என்றேன். "வேண்டாம்" என்றாள் மாதுமை, அதே நேரத்தில்.

மதீசன் மேல் உள்ள கேஸ் ஆகஸ்டில். என்மேல் உள்ளதும் அதே மாதம்தான்.

இன்று ஹெட்போன் எதுவும் உடையவில்லை. அதைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார் பத்துமலை அண்ணன்.